மனப்பாடமான இடது கண்

நாற்பத்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

கடைக் கடிகாரம் வியாழக்கிழமை காலை பதினொன்று காட்டியது. செவ்வாய் மாலை நான்கு மணிக்குத் தெரிந்துகொண்டதைக் கண்ணாடியம்மா இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இடையில் இரண்டு இரவு தூங்கினாள். ஐந்து வேளை சாப்பிட்டாள். பத்தொன்பது பேருக்குக் கண் பார்த்தாள். எதிலும் ஒரு குறை வைக்கவில்லை. அதுதான் அவளுக்கே விளங்கவில்லை.

பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைக் கிள்ளிப் பார்த்தால் உதடு யாருடையதோ போல இருக்குமே, அப்படி இருந்தது அவளுக்கு. உதடு மட்டுமல்ல, உடம்பு முழுக்க.

விட்ட இடத்தில்தான் எல்லாம் அப்படியே இருந்தது. மாடியில் வீடு, கீழே கடை. முன்னால் நின்று பிரேம் விற்பவர் கணவர். பின்னறையில் லென்ஸ் தேய்த்துப் பிரேமில் பொருத்துபவள் கணவரின் தங்கை. நடு அறையில் கண் பார்ப்பவள் இவள். இருபத்திரண்டு வருடமாகத் தெருவுக்கே இவள் கண்ணாடியம்மா.

செவ்வாயன்று அந்த நடு அறையில் பழைய எழுத்து அட்டையை இறக்கிவிட்டுப் புதுத் திரை மாட்டினார்கள். பொத்தானை அழுத்தினால் எழுத்து மாறும் திரை. "முதல்ல நம்ம பொண்ணே உட்காரட்டும்" என்றார் கணவர். மகள் சிரித்துக்கொண்டே உயரமான நாற்காலியில் ஏறினாள். வலது கண்ணால் கடைசி வரி வரை படித்தாள். இவள் எழுத்துகளை மாற்றிவிட்டு, வலது கண்ணை மூடச் சொன்னாள்.

"ட" என்றாள் மகள். "ப, ர. ச, க, ம. ந, வ, ல, ய."

கடகடவென்று கடைசி வரி வரை சொன்னாள். வாசலில் இருந்து கணவர், "பார்த்தியா, என் பொண்ணை!" என்றார். அவருக்கும் அந்த எழுத்துகள் காதுக்குப் பழக்கம்.

திரையில் அவற்றில் ஓர் எழுத்துகூட இல்லை. மகள் படித்தது, சுருட்டி மூலையில் சாத்தியிருந்த பழைய அட்டையை.

கண்ணாடியம்மா எழுத்துகளை எண்களாக மாற்றினாள். ஊசித்துளை போட்ட கறுப்புத் தகட்டை மகளின் இடது கண் முன் பிடித்தாள். கண்ணில் பவர் மட்டும் பிசகியிருந்தால், அந்தத் துளை வழியே பார்க்கும்போது கொஞ்சமாவது தெளியும். தெளியாவிட்டால், கண்ணாடி மாட்டித் தீருகிற விஷயம் அல்ல.

"ரெண்டு... எட்டா? மசமசன்னு இருக்கும்மா. திரையைச் சரியா செட் பண்ணலையோ?"

"ஆமா" என்றாள் இவள். "இன்னும் செட் பண்ணல."

தூசு இருக்கிறதா பார்க்கிறேன் என்று விளக்கடித்துப் பார்த்தபோது சந்தேகம் தீர்ந்தது. இடது கண்ணுக்குக் குழந்தையிலிருந்தே பெரிய பவர் வேண்டியிருந்திருக்கிறது. கொடுக்க ஆளில்லை. மூளை அந்தக் கண்ணைக் கேட்பதையே விட்டுவிட்டது. சோம்பல் கண். ஆறு ஏழு வயதில் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினம் சில மணி நேரம் ஒட்டி மூடி வைத்தால் சோம்பல் கண் வேலை கற்றுக்கொள்ளும். பத்தொன்பது வயதில் அதற்குப் பள்ளிக்கூடம் கிடையாது.

இன்று மதியம் இரண்டு மணிக்கு மகளுக்கு மருத்துவச் சோதனை. ரயில் ஓட்டும் வேலைக்கு. எழுத்துத் தேர்வில் மூவாயிரம் பேரில் பதினேழாவதாக வந்தவள். அந்த வேலைக்கு இரண்டு கண்ணையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். இரண்டும் தேற வேண்டும்.

"அண்ணி, ஒரு ஐயா காத்திருக்கார்" என்று நாத்தனார் குரல் கொடுத்தாள்.

வந்தவர் தையல்காரர். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே தொடங்கிவிட்டார்.

"எனக்குக் கண்ணுல ஒரு கோளாறும் இல்லம்மா. இப்ப வர்ற ஊசியிலதான் காதைச் சின்னதா போடறாங்க."

"பழைய ஊசி ஒண்ணுகூடவா வீட்டுல இல்ல?"

"இருக்கு. அதுலயும் காது சுருங்கிப்போச்சு."

பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் சத்தம் நின்றது. "ஊசிக்கும் வயசாகுதுன்னு சொல்லுங்க ஐயா" என்றாள் நாத்தனார்.

"நீங்க சிரிங்க. ஊசிக் கம்பெனிக்கு நான் கடுதாசி போடப் போறேன்."

"போடுங்க. ஆனா எழுதினதைப் படிச்சுப் பார்க்க ஒரு கண்ணாடி வாங்கிட்டுப் போங்க."

கண்ணாடியம்மா சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். "ஒரு கண்ணை மூடுங்க. விரலால இல்ல, உள்ளங்கையைக் குழிச்சு மூடணும். அழுத்தாதீங்க."

விரல் இடுக்கில் திருட்டுத்தனமாகப் பார்ப்பவர்களை இத்தனை வருடத்தில் ஒருவரைக்கூட அவள் தப்பவிட்டதில்லை. அதில் அவளுக்குப் பெருமை உண்டு.

தூரத்து எழுத்தை இரண்டு கண்ணாலும் படித்தார். கிட்டத்தில் படிக்கும் அட்டையைக் கொடுத்ததும் கையை முன்னால் நீட்டிக்கொண்டே போனார். கை நீட்ட இடம் தீர்ந்ததும் நின்றது.

"இது வெள்ளெழுத்து. நாப்பது தாண்டினா எல்லாருக்கும் வரும்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

அவர் முகம் தெளிந்தது. தனக்கு மட்டும் இல்லை என்றால் மனிதருக்குப் பாதி நோய் தீர்ந்துவிடுகிறது. பவரைக் காகிதத்தில் எழுதிக் கணவரிடம் அனுப்பினாள். எழுதியது சரிதானா என்று மறுபடி பார்த்தாள். சரிதான்.

பன்னிரண்டு மணிக்கு மகள் இறங்கி வந்தாள். வெள்ளைச் சட்டை, பின்னிய தலை, கையில் சான்றிதழ்கள் வைத்த கோப்பு.

"டபரா கிளம்பிட்டா!" என்று நாத்தனார் பின்னறையிலிருந்து வந்தாள். கையெல்லாம் லென்ஸ் தூள். "தொடாதே அத்தை, சட்டை வெள்ளை" என்று மகள் விலகினாள்.

அந்தப் பட்டப்பெயர் வந்த கதை தெருவுக்கே தெரியும். கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து அவள் வளர்ந்தது நடு அறையின் உயரமான நாற்காலியில்தான். அம்மா வேலை பார்க்கும்போது நாற்காலி காலியாக இருந்தால் அவள் அதில். மற்றக் குழந்தைகள் அ, ஆ என்று தொடங்கியபோது இவள் ட, ப, ர என்று தொடங்கினாள். அட்டையின் முதல் மூன்று எழுத்துகள். பள்ளியில் சேர்த்த முதல் வாரம் ஆசிரியை, "உங்க பொண்ணுக்கு எழுத்து தெரியுது, வரிசைதான் வேற உலகத்துது" என்று சொல்லியனுப்பினார். அன்றிலிருந்து அத்தைக்கு அவள் டபரா.

எத்தனை பேரிடம் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். கண்ணாடியம்மாவே எத்தனை முறை சொல்லியிருக்கிறாள்.

"அம்மா, கண்ணு டெஸ்ட்ல என்னல்லாம் பண்ணுவாங்க?"

கேட்டது சாதாரணமாகத்தான். ஆனால் கோப்பின் ஓரத்தை விரலால் சுருட்டிக்கொண்டே கேட்டாள்.

"தூரத்து எழுத்து. கிட்டத்து எழுத்து. வண்ணப் புள்ளிக்குள்ள எண் இருக்கும், அது. அப்புறம் நேரா பார்க்கச் சொல்லிட்டு பக்கவாட்டுல விரலை ஆட்டுவாங்க, தெரியுதான்னு."

"ரெண்டு கண்ணையும் சேர்த்தா?"

"தனித்தனியா."

"ம்" என்றாள் மகள்.

இப்போது சொல்லலாம். நாக்கு அசைந்தது. சொன்னால் இவள் போகமாட்டாள், இங்கேயே இந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிடுவாள். சொல்லாவிட்டால் முன்பின் தெரியாத ஒருவர் இவளுக்குச் சொல்வார். இரண்டில் எது கொடுமை என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். கணக்கு ஓடவில்லை.

"பஸ் போயிடும்" என்றார் கணவர். "இவளுக்கென்ன கண்ணு டெஸ்ட்டுக்கு பயம்? மீன் குஞ்சுக்கு நீச்சல் டெஸ்ட்டா?"

"தண்ணி எடுத்துக்கிட்டியா?" என்றாள் கண்ணாடியம்மா.

"எடுத்துக்கிட்டேன்."

"மெதுவா போ."

மகள் தெருமுனை திரும்பும் வரை கணவர் வாசலிலேயே நின்றார். கண்ணாடியம்மா உள்ளே போய் நாற்காலியைத் துடைத்தாள். சுத்தமாக இருந்த நாற்காலியை மறுபடி துடைத்தாள்.

மூன்று மணிக்குத் தபால் அலுவலகத்தில் வேலை செய்யும் ஓர் அம்மாள் வந்தாள். ஐம்பத்தெட்டு வயது. கண்ணாடி மாற்ற வேண்டும் என்றாள். பேச்சுவாக்கில், "எங்க வீட்டு கதவு நிலை வளைஞ்சிருக்கு, தச்சனைக் கூப்பிட்டேன், அவன் நேராத்தான் இருக்குன்னு சண்டைக்கு வர்றான்" என்றாள்.

கண்ணாடியம்மா எழுந்து மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கட்டம் போட்ட காகிதத்தை எடுத்தாள். சதுரம் சதுரமாகக் கோடு. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி.

"ஒரு கண்ணை மூடிக்கிட்டு அந்தப் புள்ளியை மட்டும் பாருங்க. சுத்தி இருக்கிற கோடெல்லாம் நேரா இருக்கா?"

"நேராத்தான் இருக்கு."

"இப்ப பார்த்த கண்ணை மூடிட்டு மத்ததால பாருங்க."

அம்மாள் கண்ணை மாற்றி மூடினாள். காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடி முன்பக்கம்.

"வேற காகிதமா குடுத்தீங்க?"

"அதே காகிதம்தான்."

"நடுவுல தண்ணி பட்டு உப்பின மாதிரி இருக்கே."

"எத்தனை நாளா?"

"தெரியாதே. ரெண்டு கண்ணையும் தொறந்து வச்சா ஒண்ணும் தெரியலையேம்மா. நேத்துகூட ஆயிரம் கடுதாசி பிரிச்சேன்."

"நல்ல கண்ணு மத்த கண்ணைக் காட்டிக் குடுக்காது" என்றாள் கண்ணாடியம்மா.

சொன்னபின், அந்த வாக்கியம் அறைக்குள்ளேயே நின்றது.

சீட்டுப் புத்தகத்தை எடுத்தாள். 'இடது கண். விழித்திரை மருத்துவரிடம் உடனே காட்டவும்' என்று எழுதினாள்.

"சீட்டு எதுக்கு? நீங்களே பார்த்துட்டீங்களே. உங்களைவிடவா இன்னொருத்தர்?"

"என்னால கோடு வளையுதுன்னுதான் கண்டுபிடிக்க முடியும். ஏன் வளையுதுன்னு டாக்டர்தான் பார்க்கணும். இன்னிக்கே போங்க."

"அடுத்த வாரம் போறேனே."

"இல்ல. இன்னிக்கு." கண்ணாடியம்மா சீட்டைக் கிழித்து அம்மாளின் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். "சீட்டு குடுத்தா போகணும்."

அம்மாள் போன பிறகு அவள் வெகு நேரம் சீட்டைக் கொடுத்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீட்டு கொடுத்தால் போக வேண்டும். பதின்மூன்று வருடத்துக்கு முன் இந்தக் கைக்கும் ஒரு சீட்டு வந்தது. மகளுக்கு ஆறு வயது. பள்ளிக்கு ஒரு நர்ஸ் வந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கண் பார்த்தாள். எழுத்து அட்டை இல்லை. வீடு, பூ, குடை என்று படம் போட்ட அட்டைகள். மூடிய உறையில் ஒரு காகிதம் பள்ளிப் பைக்குள் வந்தது. 'இடது கண். டாக்டரிடம் காட்டவும்.'

அன்று அவளுக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது. பொம்மைப் படத்தை வைத்துக்கொண்டு எனக்குக் கண் பார்க்கச் சொல்லித் தருகிறாளா? அன்று மாலையே மகளை நாற்காலியில் ஏற்றினாள். வலது கண்ணை மூடினாள். அட்டையைக் காட்டினாள்.

ட, ப, ர.

கடைசி வரி வரை சொன்னாள் குழந்தை. கட்டியணைத்து முத்தம் கொடுத்தாள். அந்தக் காகிதத்தின் கீழேயே 'என் சோதனையில் இரு கண்ணும் நன்று' என்று எழுதி, கையெழுத்திட்டு, கடை முத்திரையைக் குத்தித் திருப்பி அனுப்பினாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது?

இவ்வளவு தூரம் நினைத்தாள். இதற்கு அப்பால் ஒன்று இருந்தது. அந்தப் பக்கம் அவள் மனம் போகவில்லை. போக விடவில்லை.

ஆறு மணி பத்து நிமிடத்துக்கு மகள் வந்தாள். தலை கலையவில்லை. சட்டை கிளம்பும்போது போலவே வெள்ளையாக இருந்தது.

கணவர் ஒரு வாடிக்கையாளருக்குப் பிரேம் மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டியபடியே, "என்ன?" என்று புருவத்தை உயர்த்தினார்.

"எடுக்கலப்பா" என்றாள்.

வாடிக்கையாளரை எப்படி அனுப்பினார் என்று தெரியவில்லை. ஐந்து நிமிடத்தில் கடைக் கதவு பாதி சாத்தியிருந்தது. நால்வரும் நடு அறையில் நின்றார்கள். அந்த அறையில் நாலு பேர் நின்றால் ஒருவர் மூச்சு ஒருவர் மேல் படும். மகள் மட்டும் உயரமான நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார வேறு இடமில்லை.

கணவர் அவள் கையிலிருந்த காகிதத்தை வாங்கிப் படித்தார். நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கிவிட்டு மறுபடி படித்தார்.

"இடது கண்ணா? யாரைப் பார்த்து? கண்ணுக் கடைக்காரன் பொண்ணைப் பார்த்தா?"

"எந்தக் கண்ணில்லாதவன் பார்த்தான்?" என்றாள் நாத்தனார்.

"ஒரு டாக்டரம்மா. நல்லவங்கதான் அத்தை. மூணு தடவை பார்த்தாங்க."

"மூணு தடவை பார்த்தா மெஷின் சரியாயிடுமா? செவ்வாய்க்கிழமை இதே நாற்காலியில நீ படிச்சதை நான் காதால கேட்டேன். ஒரு எழுத்து பிசகல. கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேணுமா?" அவர் மனைவி பக்கம் திரும்பினார். "நீ சொல்லேன்."

கண்ணாடியம்மா சுவரில் மாட்டிய திரையையே பார்த்தாள்.

அதைக் கோபம் என்று அவர் எடுத்துக்கொண்டார். மேசை இழுப்பறையைத் திறந்தார். கடைப் பெயர் அச்சிட்ட தாளையும், முத்திரையையும், மைப் பெட்டியையும் அவள் முன் வரிசையாக வைத்தார்.

"மறு சோதனை கேட்கலாம்னு இதுல போட்டிருக்கு. நீ எழுது. இருபத்திரண்டு வருஷமா கண்ணு பார்க்கிறவ, பெத்தவ, நீ எழுது. ரெண்டு கண்ணும் நல்லாருக்குன்னு எழுதி முத்திரை குத்து. நாளைக்குக் காலையில முதல் ஆளா போய் அவங்க மூஞ்சியில நீட்டறேன்."

பேனாவும் கைக்கு வந்துவிட்டது. மூடியைக்கூட அவரே கழற்றியிருந்தார்.

"வேணாம்பா" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. பதினேழாவது இடம். விட்டுடுவேனா?"

"அப்பா, மெஷின் தப்பில்ல. எனக்கு இடது கண்ணு தெரியாது."

பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் மோட்டாரை நிறுத்த மறந்திருந்தார்கள். அது மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது கேட்டது.

"தெரியாதுன்னா?" என்றாள் நாத்தனார்.

"வெளிச்சம் தெரியும். ஆள் தெரியும். எழுத்து தெரியாது. எப்பவுமே தெரிஞ்சதில்ல." மகள் நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "எல்லாருக்கும் அப்படித்தான்னு நினைச்சேன் அத்தை. இடது கையால எழுதினா கோணலா வருதுல்ல. இடது கண்ணும் அப்படித்தான்னு. யார்கிட்டயும் கேட்கணும்னே தோணல. இடது கையால ஏன் எழுத வரலன்னு யாராவது கேட்பாங்களா?"

"அப்ப எப்படிடி படிச்சே?"

"படிக்கல. சொன்னேன். ட, ப, ர எனக்குத் தெரியும்ல." உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போயிற்று. "இன்னிக்குக்கூட வலது கண்ணை மூடினதும் வாய் தானா 'ட'ன்னுச்சு. அப்புறம் நானே நிறுத்திட்டேன். அங்க அந்த எழுத்து இருக்காதுன்னு செவ்வாய்க்கிழமையே கொஞ்சம் புரிஞ்சுடுச்சு."

கணவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தார். கோபம் திரும்புவதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஆள் கிடைத்துவிட்டது.

"ஏண்டி, பெத்தவகிட்டயே திருட்டுத்தனமா? அவ தொழிலையே ஏமாத்தியிருக்கே. அன்னிக்கே வாயைத் தொறந்திருந்தா இன்னிக்கு இந்த நெலமையா?"

"அண்ணா, குழந்தை அது. அதுக்கென்ன தெரியும்?"

"இல்ல அத்தை, அப்பா சொல்றது சரிதான்." மகள் குரல் உயரவே இல்லை. "ஆறு வயசுல ஒருநாள் அம்மா என்னை ஏத்தி உட்கார வச்சாங்க. முகமெல்லாம் கோவம். என் மேலன்னு நினைச்சு பயந்துட்டேன். ஒண்ணும் தெரியல. சட்டுனு எல்லாத்தையும் ஒப்பிச்சேன். அம்மா கட்டிப் பிடிச்சு முத்தம் குடுத்தாங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? டாக்டரம்மா கேட்டாங்க, சின்ன வயசுல யாருமே பார்க்கலையான்னு. எங்கம்மா கண்ணு பார்க்கிறவங்கன்னு நான் சொல்லல. நான் பண்ணினதுக்கு அம்மா பேரு ஏன் கெடணும்?"

கண்ணாடியம்மா கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள்.

இனி அவள் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. பேசாமல் இருந்தால் போதும். பழி தானாகவே ஆறு வயதுக் குழந்தை மேல் போய் உட்கார்ந்துவிட்டது. கணவர் இரண்டு நாள் கத்துவார். பிறகு 'யானைக்கும் அடி சறுக்கும்' என்பார். மகள் ஆயுள் முழுக்க அம்மாவை ஏமாற்றியவள் என்று தன்னையே நினைத்துக்கொண்டிருப்பாள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை.

பேனாவுக்கு மூடி போட்டு மேசையில் வைத்தாள்.

"என் கோவம் உன் மேல இல்ல" என்றாள்.

மூவரும் திரும்பினார்கள். சாயங்காலத்திலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை.

"ஒரு நர்ஸ் மேல. அன்னிக்கு ஸ்கூல்ல இருந்து ஒரு சீட்டு வந்துச்சு. உன் பையிலதான் வந்துச்சு, உறை ஒட்டியிருந்துச்சு. இடது கண்ணு, டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு. நான் காட்டல. எனக்குத் தெரியாததா அவளுக்குத் தெரியும்னு, இங்க உன்னை உட்கார வச்சேன். அந்தச் சீட்டுலயே ரெண்டு கண்ணும் நன்றுன்னு எழுதி, இதே முத்திரையைக் குத்தி அனுப்பினேன்."

கணவரின் கை மைப் பெட்டி மேல் இருந்தது. அதை மெல்ல எடுத்துக்கொண்டார்.

உணர்வு திரும்பத் தொடங்கியது. மரத்த உதட்டில் முதலில் ஊசி குத்துவது போல இருக்கும், அப்படி. எங்கே குத்துகிறது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

மகள் நாற்காலியிலிருந்து குனிந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "சரிம்மா. நான் ஒப்பிச்சதாலதானே நம்பினே? நீ வேணும்னு பண்ணலையே. அட்டை அப்படி. யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க."

"ஆமா அண்ணி" என்றாள் நாத்தனார் அவசரமாக. "தெரியாம நடந்தது. தெரிஞ்சா செய்வீங்களா?"

இத்தோடும் நிறுத்தலாம். எல்லோரும் சேர்ந்து ஒரு வாசலைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்கள். நுழைந்துவிட வேண்டியதுதான்.

அவள் மகளின் கையை விலக்கினாள். பிடித்திருந்தால் சொல்ல முடியாது.

"ஒண்ணு இல்ல. ரெண்டு சீட்டு வந்துச்சு."

"என்ன?"

"உனக்கு எட்டு வயசு. அதே நர்ஸ் திரும்ப வந்தா. இந்தத் தடவை பெருசா எழுதியிருந்தா. அட்டையை மாத்திப் பாருங்க, பிள்ளை மனப்பாடமா சொல்ல வாய்ப்பு இருக்கு, இன்னும் நேரம் இருக்குன்னு எழுதியிருந்தா."

மகள் அவள் முகத்தையே பார்த்தாள். இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இருந்தன. பார்த்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

"நீ மாடியில விளையாடிக்கிட்டு இருந்தே. வேற அட்டை இந்த டிராயர்லயே இருந்துச்சு. எடுக்கிறதுக்கு ஒரு நிமிஷம் ஆகாது. கூப்பிடணும்னு மாடிப்படி வரைக்கும் வந்தேன்."

"அப்புறம்?"

"கூப்பிடல. திரும்பி வந்து சீட்டைக் கிழிச்சுப் போட்டேன்." கண்ணாடியம்மா மூச்சு வாங்கினாள். "உன்னைச் சோதிச்சு ஏமாந்தது மொதல் தடவைதான். ரெண்டாவது தடவை நான் சோதிக்கவே இல்ல. பார்த்தா தெரிஞ்சுடுமேன்னு பயந்துதான் பார்க்கல."